புலிகுத்திக்கல் மேல் ஆரஞ்சு வட்டம்: இது என்ன பாசி?

கொறங்காட்டான்:

வணக்கமுங்க. காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் காடு. மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பூமி. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரமும்தான் இருக்கும். கிளுவை வேலியோரம் ஒரு புலிகுத்திக்கல், அதாவது புலியோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு நட்ட கல், நிற்கிறது. இடுப்பு உயரம். வீரன் ஈட்டியைப் புலியின் வாய்க்குள் செருகுகிற மாதிரி புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்து இருக்கிறதா என்று தெரியவில்லை. வருசா வருசம் பட்டிப் பொங்கல் அன்றைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசிக் கும்பிடுவோம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பங்காளிகள் கூடிப் பேசி, "கல்லு முழுக்கச் சொறி புடிச்சுக் கெடக்குது, ஆசிட் ஊத்திக் கழுவிப் பெயிண்ட் அடிச்சுப்போடலாம்" என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் வட்ட வட்டமாக இருப்பது கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கிறது. வீரனின் தோளுக்குப் பக்கத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த ஒன்று, ஓரம் நெளிநெளியாக. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள். இதெல்லாம் என்ன பாசி, கல்லைத் தின்னுமா, இதை வைத்துக் கல்லின் வயசைச் சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிச்சம்பாளையத்தான்:

கல்பாசிதானுங்க அது. சுரண்டி எடுத்துக் கறிக்கொழம்புக்குப் போட்டுருங்க, பங்காளி பிரச்சினையும் தீர்ந்தது.

பூண்டி உளி:

மேலே சொன்னவர் விளையாட்டுக்குச் சொல்கிறார், யாரும் செய்துவிடாதீர்கள். கடையில் மசாலாவுக்கு விற்கிற கல்பாசி பெரும்பாலும் மலைக்காட்டு மரங்களில் இருந்து எடுக்கிற இலை வகை. எண்ணெயும் குங்குமமும் பட்ட கல்லில் இருப்பதைத் தின்னக் கூடாது.

நான் திருமுருகன்பூண்டியில் சிலை வேலை செய்கிறேன். பாசிக்குப் பேர் வைக்க எனக்குத் தெரியாது, கல்லைப் பற்றிச் சொல்கிறேன். ஆசிட் ஊற்றினால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். நம்ம பக்கத்துக் கருங்கல்லில் இரும்புச் சத்துள்ள மணிகள் உண்டு. ஆசிட் அதைக் கரைத்து வெளியே இழுத்துவிடும். நாள் போகப்போகக் கல் மஞ்சளும் பழுப்புமாகத் துருக் கசியும். அதைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. கம்பி பிரஷ் அதைவிட மோசம். பழைய புடைப்புச் சிற்பத்தில் மேல்தோல் ஏற்கெனவே பொரிந்து போயிருக்கும், பாசி அந்தப் பொரிந்த மணிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். தேய்த்தால் இரண்டும் சேர்ந்து வரும். புலிக்கு மீசை செதுக்கியிருந்தால் அதோடு போயிற்று. பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் செதில் செதிலாகக் கழன்று விழும், விழும்போது கல்லையும் கொண்டுபோகும்.

நடுவில் முகத்துப் பக்கம் வழவழவென்று கறுத்திருப்பது பாசி இல்லைங்க, எண்ணெய்ப் பிசுக்கு. படத்திலேயே தெரிகிறது.

லேப்டிப் அக்கா:

பூண்டிக்காரர் சொன்னது அத்தனையும் சரி. பாசி பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

நான் பாட்டனி படித்தவள் இல்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு மேட்ச் பண்ணுவது என் தொழில். பையர் அனுப்புகிற துணித்துண்டைப் பார்த்து அதே கலரை லேப் டிப்பில், அதாவது சின்னத் துணித்துண்டில் போடுகிற மாதிரிச் சாயத்தில், கொண்டுவர வேண்டும். ஒரு சொட்டு எதையாவது விட்டால் கலர் ஏன் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகியவளுக்கு, நீங்கள் கல்லில் பாசி என்று சொல்கிற இந்த லைக்கன் சமாச்சாரம் பிடித்துப்போனதில் அதிசயம் இல்லை. பள்ளிக்கூடத்து லிட்மஸ் பேப்பரில் இருந்த சாயமே ரொசெல்லா என்கிற லைக்கனில் இருந்து வந்ததுதானே.

லைக்கன் என்பது ஒற்றை உயிர் இல்லை. உடம்பு பூஞ்சையுடையது, அதற்குள் பச்சைப்பாசியோ, நீலப்பச்சைப் பாக்டீரியாவோ குடியிருந்து வெயிலில் சர்க்கரை செய்து கொடுக்கும். இதை 1867-இல் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ்காரர் சொன்னபோது பெரிய பெரிய ஆட்களே ஒத்துக்கொள்ளவில்லை. நாம் பெயர் சொல்வது அந்தப் பூஞ்சையை வைத்துத்தான்.

போட்டோவை மட்டும் பார்த்து இனப்பெயர் வரைக்கும் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பாசியையே இல்லை, அது உட்கார்ந்திருக்கிற கல்லை. மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் வளர்கிற கூட்டம் வேறு, உங்கள் ஊர்க் கருங்கல்லில் வளர்கிற கூட்டம் வேறு. சந்தேகமாக இருந்தால் உதிர்ந்து கிடக்கிற துண்டைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: கருங்கல் மேல் சிமெண்ட் பூசியிருந்தாலோ, பக்கத்துச் சுவரின் வெள்ளையடிப்பு வழிந்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புக் கூட்டம் குடியேறிவிடும். கல்லுக்கட்டு, கோயில் திண்ணை எல்லாவற்றிலும் இது நடக்கும்.

அடுத்தது நகம். ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். தூக்கவே வரவில்லை, கல்லைப் பெயர்த்தால்தான் வரும் என்றால் ஓட்டு வகை. ஓரம் எழும்பி அடிப்பக்கம் தெரிந்தால் இலை வகை. உங்கள் ஆரஞ்சு ஓட்டு வகை, சாம்பல்பச்சை இலை வகை என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்றாவதாகப் புதர் மாதிரி நிற்கிற வகை ஒன்று உண்டு, அதற்கு உங்கள் காட்டு வெயில் ஆகாது.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். நகைக்கடைக்காரர் வைத்திருக்கிறாரே, அதுதான். ஆரஞ்சின் நடுவில் சின்னச் சின்னத் தட்டுகள் தெரிகிறதா, தட்டின் விளிம்பு தட்டின் நிறத்திலேயே இருக்கிறதா, சுற்றியுள்ள ஓட்டின் நிறத்தில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பூஞ்சை வித்து விடுவது அந்தத் தட்டில்தான். தட்டே இல்லாமல் மாவு தூவிய மாதிரி இருந்தால் அதையும் எழுதுங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (பொட்டாஷ் என்போம்) 10 சதவீதக் கரைசல் ஒரு சொட்டு. ஆரஞ்சு லைக்கன் பலவற்றில் ஆந்த்ரகுவினோன் வகை நிறமி இருக்கும். பொட்டாஷ் பட்ட மாத்திரத்தில் அது ரத்தச் சிவப்பாகவோ ஊதாவாகவோ திரும்பும். ஊதா வந்தால் கலோப்ளாக்கா என்கிற பேரினத்துப் பக்கம் போகலாம். அதேபோல மஞ்சளாக இருந்து, சொட்டு விட்டும் மாறாமலோ லேசாக மட்டும் சிவந்தோ நின்றால் கேண்டலேரியெல்லா என்கிற வேறு பேரினத்துப் பக்கம். அதில் இருக்கிற மஞ்சள் வேறு ரசாயனம். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஷேடு, சொட்டு விட்டால் பிரிந்துவிடும்.

ஆனால் அந்தச் சொட்டைப் புலிகுத்திக்கல் மேல் விடாதீர்கள். கல்லுக்கும் கெடுதல், பார்வையும் ஏமாற்றும். நீங்கள் வருசா வருசம் மஞ்சள் பூசுகிறீர்கள் அல்லவா? மஞ்சள்தூளும் காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் உண்டாவதே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்துதானே. சாமி கல்லில் பொட்டாஷ் விட்டுவிட்டு "ஆகா, சிவந்துடுச்சு" என்று குதித்தால், குதிக்க வைத்தது போன தைப் பொங்கலாக இருக்கும். எண்ணெயும் மஞ்சளும் படாத வேலிக் கல்லுக்கால் பக்கத்திலேயே நிற்குமே, அதில் இதே வட்டங்கள் கட்டாயம் இருக்கும். அதிலிருந்து அரிசி அளவுத் துணுக்கை எடுத்து வீட்டில் வெள்ளை பில்டர் பேப்பர் மேல் வைத்துச் சொட்டு விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் பொட்டாஷைத் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், கல்லூரி லேபில் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு சொட்டு ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். பழசாகிப்போனது வேலை செய்யாது, புதிதாக வேண்டும். இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக விடுவது தனிச் சோதனை. சேர்வராயன் மலைப் பக்கம் பரவலாக இருக்கிற பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்ற இலை வகையில் மேல்தோலைச் சுரண்டி உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியில் ஹைப்போ விட்டால் சட்டென்று சிவக்கும். அதில் இருப்பது லெகனோரிக் அமிலம். அந்த மாதிரிப் பொருள் உள்ள லைக்கன்களை அமோனியாவில் ஊறப்போட்டுத்தான் ஐரோப்பாவில் ஆர்ச்சில் என்கிற ஊதாச் சாயம் எடுத்தார்கள். எங்கள் தொழிலின் பாட்டன் அது!

இந்தப் பொட்டாஷ், ஹைப்போ சொட்டு முறையை 1866-இல் கொண்டுவந்தவர் நைலாண்டர் என்ற பின்லாந்துக்காரர். லைக்கன் இரண்டு உயிரின் கூட்டு என்பதைச் சாகிற வரைக்கும் அந்த மனுசன் ஒத்துக்கொள்ளவில்லை. கலர் பார்க்கிற கண் அவ்வளவு கூர்மை, பிடிவாதமும் அவ்வளவு.

அப்புறம் யூவி. எங்கள் கலர் மேட்சிங் பெட்டியில் யூவி குழல்விளக்கு உண்டு, துணியில் வெளுப்பேற்றி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. சாம்பல் நிற இலை வகைத் துணுக்கை அதில் வைத்தால் சிலது பளீரென்று மஞ்சளாக ஒளிரும். லைகெக்சாந்தோன் என்ற பொருள் அது. நம் சமவெளியில் புளியமரத்திலும் தென்னையிலும் சாதாரணமாக ஒட்டியிருக்கிற பிக்சைன் கோகோஸ் அப்படி ஒளிரும். உங்களிடம் பெட்டி இருக்காது, கள்ளநோட்டுப் பார்க்கிற டார்ச் போதும். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். 395 போட்ட மலிவு டார்ச்சில் ஊதா வெளிச்சமே கண்ணை மறைத்துவிடும்.

கறுப்புக் கோட்டுக்குத் தண்ணீர் போதும். விடிகாலையில் பிரஷ்ஷால் லேசாக ஈரமாக்கி லென்ஸில் பாருங்கள். தண்ணீர் வழிகிற தடத்தில் வெறும் கறுப்புப் படலமாக, தட்டு, செதில் எதுவும் இல்லாமல் இருந்தால் அது நீலப்பச்சைப் பாக்டீரியா மட்டும், லைக்கனே இல்லை. சின்னச் சின்னச் செதில்களாக, ஈரம் பட்டதும் கறுப்பு மாறி ஆலிவ் நிறம் காட்டினால் எனக்கு எழுதுங்கள், அது சுவாரசியமான ஆள்.

கொறங்காட்டான்:

அக்கா, ரொம்ப நன்றிங்க. தாராபுரத்தில் கல்லூரி லேபில் வேலை செய்கிற மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், அவரை வைத்துச் செய்தோம். கல்லுக்கால் துணுக்குதான், சாமி கல்லைத் தொடவில்லை.

ஆரஞ்சு: பொட்டாஷ் விட்டதும் ஊதா. கண் மூடித் திறப்பதற்குள். தட்டுகள் இருக்கின்றன, விளிம்பும் ஆரஞ்சுதான். கல்லுக்கால்களிலும் உச்சியில் மட்டும்தான் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே இல்லை. ஏனுங்க அப்படி?

சாம்பல்பச்சை: யூவியில் ஒளிரவில்லை. ஈரமாக்கினால் பச்சை தூக்கலாகத் தெரிகிறது. நகத்தில் ஓரம் எழும்புகிறது, அடிப்பக்கம் கறுப்பு, சின்ன வேர் மாதிரி இழைகள் இருக்கின்றன. உள்வெள்ளையில் பொட்டாஷ் விட்டால் முதலில் மஞ்சள், கொஞ்ச நேரத்தில் சிவப்பு.

கறுப்பு: இரண்டும் இருக்கிறது போல. பெரும்பகுதி வெறும் படலம். ஆனால் அடியில் ஓரிடத்தில் நீங்கள் சொன்ன செதில்கள், மிளகைவிடச் சின்னது, ஈரத்தில் ஆலிவ். ஒவ்வொன்றும் நடுவில் மட்டும் கல்லில் ஒட்டியிருக்கிறது, சுற்றி விளிம்பு தூக்கிக்கொண்டு, விளிம்பில் மாவு மாதிரி.

லேப்டிப் அக்கா:

இவ்வளவு சுத்தமாகப் பார்த்து எழுதுகிறவர்கள் எங்கள் லேபில்கூடக் குறைவு.

செதில் ஆள் பெல்டுலா என்கிற பேரினம். அதிலும் விளிம்பில் மாவு இருந்தால் பெல்டுலா யூப்ளோகாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தென்னிந்தியாவின் காய்ந்த பாறைகளில் பரவலாக இருப்பதுதான், ஆனால் கறுப்பாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குள் குடியிருப்பது பச்சைப்பாசி இல்லை, நீலப்பச்சைப் பாக்டீரியா. வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு ஒரு மழைக்கு உயிர்த்துக்கொள்ளும். பங்காளிகளுக்குக் காட்ட வேண்டியது இதைத்தான். தண்ணீர் தெளித்த உடனே நிறம் மாறுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

சாம்பல்பச்சை சாந்தோபார்மீலியா என்கிற பேரினம். இலை வகை, கல் மேல், மஞ்சள் சாயல் கலந்த பச்சை, கறுத்த அடி, இழைகள், எல்லாம் பொருந்துகிறது. மஞ்சளாகிப் பின் சிவப்பது நார்ஸ்டிக்டிக் அல்லது சலாசினிக் அமிலம். அதில் எது என்று பிரிக்கச் சொட்டு போதாது, கலந்திருக்கிற பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிற குரோமட்டோகிராபி தட்டு வேண்டும். அதனால் பேரினத்தோடு நிறுத்துங்கள்.

ஆரஞ்சைக் "கலோப்ளாக்கா, பரந்த பொருளில்" என்று எழுதிக்கொள்ளுங்கள். 2013-இல் அந்தப் பேரினத்தைப் பல துண்டாகப் பிரித்துவிட்டார்கள், பழைய நூல்களில் ஒரு பெயர், புதியவற்றில் வேறு பெயர். உறுதி செய்ய ஒரு தட்டைப் பிளேடால் சீவி மைக்ரோஸ்கோப்பில் வித்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வித்திலும் இரண்டு அறை இரண்டு முனைக்கும் ஒதுங்கி, நடுவில் மெல்லிய கால்வாயால் இணைந்திருக்கும். அந்த மாப்பிள்ளையிடம் 400 மடங்கு பார்க்கச் சொல்லுங்கள், பார்த்தால் விடமாட்டார்.

உச்சியில் மட்டும் ஏன் என்றால், காக்காயும் கரிச்சானும் எங்கே உட்காரும்? எச்சத்தில் இருக்கிற நைட்ரஜன் இந்த ஆரஞ்சு வகையறாவில் பலவற்றுக்குப் பிடிக்கும். மாட்டுப்பட்டி ஓரத்துக் கல்லிலும் தேடிப் பாருங்கள்.

கல்லைத் தின்னுமா என்று கேட்டீர்கள். ஆமாம், கொஞ்சம் தின்னும். பூஞ்சை இழைகள் மணிகளின் இடுக்கில் சில மில்லிமீட்டர் வரை இறங்கும், ஆக்சாலிக் அமிலம் விடும். ஆனால் அது போகிற வேகம் வேறு, ஆசிட் கேன் போகிற வேகம் வேறு.

கல்வெட்டுத் திண்ணை:

நான் பாசிக்காரன் இல்லை, எழுத்துக்காரன். கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கக் கழுவ வேண்டியதே இல்லை. இருட்டிய பிறகு போங்கள், நல்ல டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கல்லோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். கீறல் ஒவ்வொன்றும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். நான்கு பக்கத்திலிருந்தும் அடித்துப் படம் எடுங்கள். பாசி மேலேயே எழுத்து தெரிந்த கற்கள் உண்டு. அந்தக் கல் அரசுப் பதிவில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் 1966-ஆம் வருசத்துத் தமிழ்நாட்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டம் குறுக்கே நிற்கும், பங்காளிகளுக்கு அதையும் சொல்லிவையுங்கள்.

வயசு விஷயத்தில் எனக்கும் ஆசை. ஆல்ப்ஸ் மலையில் பாசி வட்டத்தை அளந்து பாறையின் வயசு சொல்கிறார்களாமே, நமக்கு முடியாதா அக்கா?

லேப்டிப் அக்கா:

1950-களில் பெஷல் என்ற ஆஸ்திரியாக்காரர் பரப்பிய முறை அது. ரைசோகார்ப்பான் ஜியோகிராபிகம் என்ற மஞ்சள்பச்சை ஓட்டு வகையை வைத்து, பனிப்பாறை பின்வாங்கிய இடங்களில் கணக்குப் போட்டார்கள். அந்த வளர்ச்சி வேகத்தை அப்படியே காங்கயத்து வெயிலுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் ஒப்பேறாது. வேறு இனம், வேறு மழை. அதோடு பாசி சொல்வது கல் வெட்டவெளியில் சும்மா நின்ற காலத்தின் குறைந்தபட்ச அளவை மட்டும்தான். வீரன் கல்லை யாராவது நூறு வருசத்துக்கு முன்னால் ஒருமுறை தேய்த்துக் கழுவியிருந்தால், வட்டம் அன்றிலிருந்துதான் கணக்கு காட்டும்.

ஆனால் உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கை நீங்களே தொடங்கலாம் தம்பி. வருசம் வெட்டிய கல் ஊரில் இல்லாமலா போகும்? கிணற்று மேட்டில், சுமைதாங்கிக் கல்லில், பழைய மோட்டார் ரூம் நிலையில் பாருங்கள். தேதி தெரிந்த ஒவ்வொரு கருங்கல்லிலும் இதே ஆரஞ்சின் பெரிய வட்டத்தைத் தேடி, விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஒன்றோடு ஒன்று சேர்ந்துபோன வட்டத்தை அளக்காதீர்கள், தனியாக முழு வட்டமாக இருப்பது மட்டும். சிமெண்ட் மேல் இருப்பதையும் விட்டுவிடுங்கள், அது வேறு கூட்டம் என்று மேலேயே சொன்னேன்.

கொறங்காட்டான்:

எங்கள் அப்புச்சி வெட்டிய கிணற்றில் 1958 என்று கல் இருக்கிறதுங்க. ஊர்ச் சாவடித் தூண் ஒன்றிலும் வருசம் பார்த்த ஞாபகம். அளந்து போடுகிறேன்.

பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்துக் காட்டினேன். பெரியப்பா நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு ஆசிட் வேண்டாம் என்றார். ஆனால் கல்லைச் சுற்றித் திண்ணை கட்டிச் சிமெண்ட் பூச வேண்டும் என்று இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறார். துணுக்குகளை யாருக்காவது அனுப்பிப் பெயர் உறுதி செய்ய முடியுமாங்க?

லேப்டிப் அக்கா:

திண்ணை கட்டினால் கல்லைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். சிமெண்டில் இருந்து உப்பு ஏறிக் கல்லின் அடி பொரியும்.

லைக்கனுக்கு நாட்டின் பெரிய சேகரிப்பு லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. பக்கத்தில் என்றால் கோவையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற பொட்டானிக்கல் சர்வேயின் தென்மண்டல மையம். முதலில் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கல்லுக்காலில் இருந்து மட்டும் எடுங்கள், ஒரு இனத்துக்கு ஒரு துணுக்கு போதும். நன்றாக நிழலில் காயவைத்து, பாலித்தீனில் போடாமல் பேப்பரை மடித்து உறை செய்து அதில் வையுங்கள். பாலித்தீனில் பூஞ்சணம் பிடித்துவிடும். உறை மேல் ஊர், தேதி, கல் எந்த வகை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் திசை பார்த்த பக்கம், சொட்டு விட்டபோது என்ன நிறம் வந்தது, எல்லாம் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் கலைந்துவிடும்.